நாலாவது குழி

மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் ஆடாது. நாலு கால் உள்ளதுதான் ஆடும். அதனால்தான், பண்ணைகளில் கோழி பிடிக்கும் நரிகளைச் சுடும் றூபன், தன் கைநடுக்கத்துக்குத் துணையாக, துவக்கைத் தாங்கும் மலிவான பழைய முக்காலி ஒன்றை வாங்கினான். இன்னொரு முறை குறி தவறினால் வேலை போய்விடும்.

பார்க்கிங் என்ற ஊரில் இருந்த தன் வீட்டின் பின்வளவில் அதை ஊன்றிக் கையை வைத்தான். நடுக்கம் நின்றது. முக்காலியைத் தூக்கியபோது ஈரமண்ணில் நாலு குழிகள் இருந்தன.

"முக்காலி எண்டு சொல்லி உங்களுக்கு நாற்காலியை வித்துப்போட்டாங்கள்," என்று மனைவி பெர்னடெற் சிரித்தாள்.

"மூண்டு கால்தானப்பா கிடக்கு. எண்ணிப் பார்."

அவள் எண்ணினாள். மூன்றுதான்.

றூபன் அதை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தான். கை இப்போதும் நடுங்கவில்லை. அவனுடைய ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில், மண்ணில் ஒரு குழி விழுந்துகொண்டே வந்தது.