டியூப்லைட்டை நம்பிய பல்லிகள்

அந்த டியூப்லைட் புதிதாக இருந்த நாட்களை நினைத்தாலே பல்லிகளுக்கு ஏக்கம் வந்துவிடும். மாலையானால் பூச்சிகள் தாமாக வந்து மொய்க்கும். தலைவர் தொந்தியப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் பங்கு போடுவார். அதனால்தான் அவர் தலைவர்.

இப்போது விளக்கு விட்டு விட்டு எரிந்தது. பூச்சியும் குறைந்துபோனது.

"அண்ணே, இனிமே பாதிப் பேராவது பீரோவுக்குப் பின்னால போய் வேட்டையாடணும். என் மகனுக்கு ஒரு சின்னக் கரப்பானைப் பிடிக்கக்கூடத் தெரியல. விளக்கு போச்சுன்னா பட்டினிதான்" என்றாள் செவத்தி.

"நியாயம்தாம்மா. நாளையிலேருந்து அதுதான் சட்டம்" என்றார் தலைவர். எல்லாப் பல்லிகளும் 'ச்சு ச்சு' என்று ஒத்துக்கொண்டன. அதோடு பழைய பேச்சும் தொடங்கிவிட்டது.

"அந்த ஐப்பசி மாச ஈசல் ஞாபகமிருக்கா? தின்னு முடியாம சுவரிலேயே கிடந்தோமே!"

செவத்திக்கும் எச்சில் ஊறியது.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் ஸ்டார்ட்டரை மாற்றினார். விளக்கு பளீரென்று எரிந்தது. ஈசல் குவிந்தது.

"சட்டம் எங்க ஓடிப்போகுது? முதல்ல சாப்பிடுங்கப்பா!" என்றார் தலைவர்.

செவத்தி பாய்ந்துபோய் மகனின் வாலைக் கவ்விப் பீரோ பக்கம் இழுத்தாள். வால் மட்டும் அவள் வாயில் துடித்தது. மகன் விளக்கடியில் இரண்டாவது ஈசலை மென்றுகொண்டிருந்தான்.