நாங்கள் போட்ட தலைவர்

கறுப்புக் கோட்டுகளில் மூன்று பேர் டொக்டர் அருட்பிரகாசத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி ரோஜாச் செடி வெட்டுவதை நிறுத்திவிட்டு, "ஐ ஆம் ஸோ ஸொறி" என்றார். செத்தவீடு என்று நினைத்துவிட்டார்.

"கிட்டத்தட்ட அதுதான்" என்று தமிழில் முணுமுணுத்தபடி குலசேகரம் அழைப்பு மணியை அழுத்தினார்.

குலசேகரம் கணக்காளர். கூட வந்தவர்கள் வழக்கறிஞர் பஸ்தியாம்பிள்ளையும் திருமதி கமலாம்பிகையும். சங்கத் தலைவரான டொக்டரிடம் ராஜினாமா கேட்கப் போகும்போது கறுப்புத்தான் பொருத்தம் என்று மூவரும் கலந்து பேசி முடிவெடுத்திருந்தார்கள்.

அறுபதுகளில் இலங்கையிலிருந்து படிக்க வந்து, லண்டன் ஹரோவில் வீடு வாங்கி, தமிழ்ச் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்கள் இவர்கள். 'ஸ்தாபகர் அணி' என்று பெயர். சங்கத்தின் முன்வரிசைக் கதிரைகளைப் பிள்ளைகளுக்குச் சீதனமாக எழுதிவைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில், எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் உறுப்பினராகத் தொடங்கினார்கள். அது 'புது அணி'. தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரில் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யும் யோகலிங்கத்தைத் தலைவர் பதவிக்கு நிறுத்தும் அளவுக்கு அவர்களுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

ஸ்தாபகர் அணி பதிலுக்கு டொக்டரை நிறுத்தியது. எண்பத்தேழாம் ஆண்டு ஜனவரியில், லண்டன் பனியில் புதைந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. டொக்டர் பெருவாரியாக வென்றுவிட்டார் என்று செய்தி வந்ததும், அணியினர் அன்று மாலை முழுவதும் தொலைபேசியில் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தாகிவிட்டது.

"டொக்டர், உங்களை நாங்கள் எதுக்குப் போட்டனாங்கள்?" தேத்தண்ணி வந்ததும் குலசேகரம் தொடங்கினார். "ஹோட்டல்ல நடந்த வருஷாந்த டின்னரைச் சேர்ச் மண்டபத்தில சோறும் சொதியுமாக்கிப் போட்டியள்."

"எல்லாரும் வரவேணுமெண்டுதான், அண்ணை."

"எல்லாரும் வந்திட்டினம். அதுதானே பிரச்சினை!" என்றார் கமலாம்பிகை. "காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு போன எனக்கு முன்னுக்கு இடமில்லை. பக்கத்தில இருந்தவன் தன்ர அகதி விஷயமா வந்த ஹோம் ஒஃபிஸ் கடிதத்தை அப்பளத்துக்கு மேல விரிச்சு, 'இதில என்ன எழுதியிருக்கு, ஆன்ரி' எண்டு கேக்கிறான்."

"வாசிச்சுச் சொன்னனீங்களோ, அக்கா?"

"நான் அப்பளத்தைச் சாப்பிட்டனான்."

பஸ்தியாம்பிள்ளை தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமையில மண்டபத்தைத் திறந்து வைச்சுக் கடிதம் எழுதிக் குடுக்கிறியளாம். என்ர தொழிலை எங்கட சங்கமே இலவசமாச் செய்யுது."

"நீங்களும் வாங்கோவன். போன கிழமை ரெண்டு பேரைத் திருப்பி நாட்டுக்கு அனுப்பப் பிளேனில ஏத்த இருந்தவை. எங்கட கடிதத்தாலதான் நிப்பாட்டினவை."

"சந்தோஷம்" என்றார் குலசேகரம். "ஆனா அந்த ரெண்டு பேரும் மற்ற அணி."

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். ராஜினாமாக் கடிதம். டொக்டருக்குச் சிரமம் வேண்டாம் என்று அவர்களே தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"எங்கட வோட்டுக்கு நீங்கள் துரோகம் செய்திட்டியள்" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "எங்கட வீட்டில மட்டும் மூண்டு வோட்டு."

"எங்கட வீட்டில நாலு" என்றார் குலசேகரம்.

"நான் இடுப்பு நோவோட வந்து போட்டனான்" என்று கமலாம்பிகை கண்ணைத் துடைத்தார்.

டொக்டர் கடிதத்தை முழுவதும் வாசித்தார். பிறகு அதை மடித்தபடி கேட்டார். "வோட்டுப் போட்ட அண்டைக்கு மண்டபத்தில ஹீற்றர் எப்பிடி, அக்கா? சூடு காணுமாயிருந்ததோ?"

"ஓம், ஓம். நான் கோட்டைக் கூடக் கழட்டி வைச்சனான்."

"ஹீற்றர் உடைஞ்சு கிடந்தது, அக்கா. குளிரில எல்லாருக்கும் வாயால புகை வந்தது."

கமலாம்பிகை மெல்லக் குலசேகரத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் போவியள் எண்டுதானே நான்..." குலசேகரம் பஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தார். பஸ்தியாம்பிள்ளை தேத்தண்ணியைக் கலக்கினார். கோப்பை ஏற்கெனவே காலி.

"நான் ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு நேர அங்க போனனான்" என்றார் டொக்டர். "எங்கட அணியில நான் ஒராள்தான். அவையள் முப்பத்தெட்டுப் பேர். மிச்சத்திலயிருந்து பஸ் ஓடின தூரம் மட்டும் பஸ்ஸில வந்து, மீதித் தூரத்தை நடந்து வந்தவை. ஒருத்தற்ற சப்பாத்துக்குள்ள முழுக்கத் தண்ணி."

"பிறகெப்பிடி நீங்கள்...?"

"நான் ஒரு பக்கத்தில தனிய இருந்ததை யோகலிங்கம் பாத்துக்கொண்டு நிண்டவர். 'இந்தப் பனிக்குள்ள வந்த மனிசனைத் தோக்கடிச்சு அனுப்பக்கூடாது. எல்லாரும் டொக்டருக்குப் போடுங்கோ' எண்டு தன்ர ஆக்களுக்குச் சொன்னவர். முப்பத்தெட்டுப் பேரும் எனக்குப் போட்டவை."

குலசேகரம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். அந்த நிலையிலும் அணியின் மானம் அவருக்குள் ஓர் ஓரத்தில் உயிரோடு இருந்தது.

"அப்ப அந்த யோகலிங்கத்துக்கு ஒரு வோட்டும் விழேல்லை, என்ன?"

"ஒண்டு விழுந்தது, அண்ணை" என்றார் டொக்டர். "அது நான் போட்டது."