உப்பில்லாத தவிட்டுத் தண்ணீர்

விதைப்புக்கு முந்தின சந்தைநாள். பேச்சியம்மா காலையிலேயே வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னைக் கட்டியிருந்த முளைக்குச்சியிடம் சொன்னது:

“முளைக்குச்சி அண்ணே, இந்த வருஷம் விதை வாங்க விக்கப்போறது என்னைத்தான். வயிறு பெருசாத் தெரியணும்னு உப்புப் போட்ட தவிட்டுத் தண்ணி குடுத்துத்தானே அக்காவையும் தங்கச்சியையும் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனா.”

“ஒரு வாய் வச்சுப் பாரு” என்றது முளைக்குச்சி.

ஆடு நக்கிப் பார்த்தது. உப்பு இல்லை.

“அவ பேர்ல பேங்க்ல யாரோ பணம் போட்டிருக்காங்களாம். திருப்பித் தர வேண்டியதில்லையாம். நேத்தே விதை வாங்கிட்டா. உன்னை விக்கல” என்றது முளைக்குச்சி.

பேச்சியம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டாள். ஆடு மேயப் போகவில்லை. அக்காவும் தங்கச்சியும் போன சந்தைப் பாதையைப் பார்த்துப் பொழுது சாயும்வரை கத்திக்கொண்டே நின்றது.