படுக்கையறைக்கு வெளியே கேட்ட சத்தம்

வீட்டுத் தரகர் நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். திரையில்லாத ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் காலி வீட்டின் தரையில் சப்பென்று கிடக்கிறது. படுக்கையறை வாசலுக்கு வெளியே, கூரையில், புகை வந்தால் கத்துகிற வெள்ளைக் கருவி. வீடு பார்க்க வந்த கணவனும் மனைவியும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"அது கிடக்கட்டும் சார், சமையலறையைக் காட்டுங்க" என்கிறான் கணவன். தரகர் கருவியை நோக்கிக் கையை நீட்டுகிறார். போன மாதம், இவர் முடித்துக்கொடுத்த வேறொரு வீட்டில், ஒரு தகப்பனும் மகளும் தூக்கத்திலேயே புகையில் மூச்சடைத்துச் செத்துப்போனார்கள். "அது பாட்டுக்கு வேலை செய்யும்" என்று அங்கிருந்த கருவியைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தவர் இவர்தான். அழுகை வரும் என்று பார்த்தார், வரவில்லை. சாப்பிடுகிறார், குளிக்கிறார், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். இப்போது கருவியின் பொத்தானை அழுத்துகிறார். சத்தமில்லை. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே பேட்டரியே இல்லை. தன் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் பொருத்துகிறார். மறுபடி அழுத்தியதும் வீடே அலறுகிறது. கணவன் காதைப் பொத்திக்கொள்கிறான்.

"அம்மா, நீங்க உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, கேக்குதான்னு சொல்லுங்க."

அவள் ஒன்றும் புரியாமல் போய்க் கதவைச் சாத்துகிறாள். அவர் விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நிற்கிறார். "நல்லாக் கேக்குது சார்!" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.

"நீங்க முழிச்சிட்டிருக்கீங்களேம்மா" என்கிறார் தரகர்.