ஒன்பதாம் பக்கம்

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளின் கருத்தைக் கேட்டுவிடலாமென்று, தானே எழுதிப் படமும் வரைந்த கரடிக் கதையைக் குடியிருப்புக் கூடத்தில் வாசித்துக் காட்டினார் செல்வின். குட்டிக் கரடி தேன் பானையைக் கவிழ்த்துவிடுகிறது. அப்பா கரடி வயிறு குலுங்கச் சிரிக்கிறது. பிள்ளைகளும் சிரித்தார்கள். பின்னால் நின்ற தாய்மார்கள் கைதட்டினார்கள்.

"பிடிக்காத பக்கம் ஏதாச்சும் இருந்தா பயப்படாம சொல்லணும்" என்றார், எழுதிக்கொள்ளத் தயாராக.

அவருடைய ஏழு வயது மகள் மெர்லின் கை தூக்கினாள்.

"ஒன்பதாம் பக்கம்பா. அப்பா கரடி சிரிக்குதுல்ல, அது."

"அதுல என்னம்மா பிடிக்கல?"

"இந்தப் படத்து மேலதானே நான் தண்ணியக் கொட்டுனேன். நீங்க ஸ்கேலால அடிச்சீங்க. அப்புறம் மறுபடி வரைஞ்சீங்க."

ஒரு தாய் தன் பிள்ளையின் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள். செல்வினுக்குக் காதுமடல் சுட்டது. தாளில் 'ஒன்பது' என்று எழுதியவருக்கு, அதற்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

அவர் முகத்தைக் கண்டதும் மெர்லின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இல்லப்பா, பிடிச்சிருக்கு" என்றாள் அவசரமாக. "எல்லாப் பக்கமும் பிடிச்சிருக்கு."