நல்ல கால் முதலில்

“நல்ல கால்தான் முதல்ல. ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி. நல்லது எப்பவும் முன்னால போகும்னு ஞாபகம் வச்சுக்கோ, குழப்பமே வராது” என்று சொல்லிக்கொண்டே, அனுசூயாவின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள் கிரிஜா.

“நீங்க இல்லேன்னா திண்டாடியிருப்பேன்க்கா. அந்தப் பாடம் நடந்த அன்னிக்குத்தான் குழந்தைக்கு ஜுரம்” என்றாள் அனுசூயா. கேட்டதை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுநாள் இருவருக்கும் பிசியோதெரபி உதவியாளர் தேர்வு. ஊன்றுகோல் வைத்திருக்கும் நோயாளியைப் படியில் எப்படி ஏற்றி இறக்குவது என்பது வருடம் தவறாமல் யாரிடமாவது கேட்கிற கேள்வி.

ஏறும்போது நல்ல கால் முதலில் என்பது சரிதான். இறங்கும்போது அது நேர்மாறு. ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில் இறங்க வேண்டும், நல்ல கால் மேல்படியில் நின்று உடம்பைத் தாங்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கிரிஜா இதைச் சரியாகச் சொல்லுவாள்.

ஆனால் ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது ஒரே ஒரு இடம், அதுவும் முதலாவதாக வருபவருக்கு. வகுப்பில் எப்போதும் முதல் அனுசூயாதான். மாண்ட்ரியலுக்கு வந்த நாளிலிருந்து ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தே பொழுதைக் கழித்த கிரிஜாவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

முன்னறை சோபாவில் மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நாகசுப்பிரமணியன் குரல் கொடுத்தார். மார்ச் மாதப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தவரை, ஆபீஸ் நண்பர்கள்தான் வாசல் இரும்புப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு வந்து மாடியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடந்ததோடு சரி, அவர் தெருவை மிதிக்கவில்லை.

“ஜான்-டலோன் சந்தை கூப்பிடு தூரத்துல இருக்கு. நான் ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கேன். எனக்கும் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிக்கொடேன், கிரிஜா.”

“முதல்ல பரீட்சை முடியட்டும்” என்றாள் கிரிஜா.

மறுநாள் காலை சாமி படத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. தன்னை அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கா குழி பறித்தோம் என்று மெட்ரோவில் வழியெல்லாம் மனசு குத்தியது. வாசலிலேயே அனுசூயாவைப் பிடித்து, ‘நேத்து தூக்கக் கலக்கத்துல மாத்திச் சொல்லிட்டேன்’ என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஆனால் பெயரை அகர வரிசையில் கூப்பிட்டார்கள். கிரிஜா போய்ச் சேர்ந்தபோது அனுசூயா உள்ளே போயிருந்தாள். மூடிய கதவைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்தாள் கிரிஜா.

சிரித்த முகத்துடன் வெளியே வந்தாள் அனுசூயா. “தோள்பட்டை எவ்வளவு தூரம் அசையுதுன்னு அளக்கச் சொன்னாங்க. படியைப் பத்திக் கேக்கவே இல்லைக்கா. அவ்வளவு படிச்சதும் வீண்.”

கிரிஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கேட்காத கேள்விக்குத் தப்பான பதில் தெரிந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இன்னொரு நாள் பேச்சோடு பேச்சாகத் திருத்திவிடலாம்.

“உங்களுக்கு இன்னிக்குச் சமைக்க நேரம் இருந்திருக்காதுன்னு வத்தக்குழம்பும் சாதமும் கொண்டுவந்திருக்கேன். நீங்க முடிச்சு வர்றதுக்குள்ள சாருக்குப் பசிக்கும். நானே வீட்டுல போய்க் குடுத்துட்டு அப்புறம் ரயிலைப் பிடிக்கறேன்” என்று பையைக் காட்டினாள் அனுசூயா.

“உனக்கு எதுக்கும்மா சிரமம்” என்றாள் கிரிஜா. அந்தப் பையை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை.

கிரிஜாவிடம் படியைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள், செய்தும் காட்டினாள். தேர்வாளர் அம்மாள் தலையசைத்துப் பாராட்டியபோது, திருட்டுச் சாமானுக்கு விலை கேட்டதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

இனிமேல் தாங்காது என்று தோன்றியது. வேலை போனாலும் போகட்டும், அனுசூயா இனித் தன் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் போகட்டும், நாளைக்கே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வழியில் சந்தையில் இறங்கி, அவளுக்குக் கொடுக்க ஒரு கொத்து மஞ்சள் பூ வாங்கிக்கொண்டாள். பல நாளைக்குப் பிறகு நடை லேசாக இருந்தது.

தெரு திரும்பியதும் தன் வீட்டுப் படிக்கட்டின் அடியில் கூட்டத்தைப் பார்த்தாள். கீழ்வீட்டு இத்தாலிக்காரக் கிழவர் ஆம்புலன்ஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊன்றுகோல் ஒன்று பாதிப் படியில் கம்பிக்கு இடையில் சிக்கிக் கிடந்தது. நாகசுப்பிரமணியன் தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார், வலியில் முனகினார். மாவுக்கட்டு இல்லாத அந்த இன்னொரு காலும் கோணலாக மடங்கியிருந்தது.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அனுசூயா கிரிஜாவைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

“சந்தைக்குப் போகணும்னு சார் ரொம்ப ஆசைப்பட்டார். நீங்க சொல்லித் தந்தபடியேதான்க்கா இறக்கினேன்.”