மெழுகு ஆறட்டும்

மேல் அச்சை அவள் தூக்கினாள்.

கிழிந்தது.

பாதி மெழுகு மேலே ஒட்டிக்கொண்டு வந்தது. பாதி கீழே. நடுவில் பல்லிளிக்கும் விரிசல்.

ரப்பர் ஷெட்டுக்குள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வாசலில் டெம்போ காத்து நின்றது.

முதலில் சிரித்தவன் ஷிபின். தேனீச் சாமான் கடை வைத்திருக்கும் செல்வதாஸின் மச்சினன். கடைச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கும்.

“பாத்தியளா அத்தான்? ரோமம் புடுங்குற சட்டியில மெழுகு காச்சுறா. இவ ஷீட்டு செய்தாளாம்!”

சட்டி என்று அவன் சொன்னது வேக்ஸ் ஹீட்டரை. பியூட்டி பார்லரை மூடியபோது அதை மட்டும் அவள் விற்கவில்லை. கண்ணாடி, நாற்காலி, சுழலும் விளக்கு எல்லாம் போயிற்று. அவற்றுக்குப் பதிலாக வந்தவை வெளியே ரப்பர் மரங்களுக்கு அடியில் நிற்கின்றன.

எட்டுத் தேனீப் பெட்டிகள்.

ரப்பர் தளிர் விட்டாயிற்று. தேன் வரத்துத் தொடங்கும் நேரம். இப்போது பெட்டியைக் கிளப்பினால் இந்த வருடம் அவ்வளவுதான்.

செல்வதாஸ் கடையில் ஒரு கட்டு மெழுகு ஷீட்டைக் காணவில்லை. அறுகோணம் பதித்த ஷீட். மரச்சட்டத்தில் மாட்டிவிட்டால் தேனீ அதன்மேல் அடை கட்டிக்கொள்ளும். கடையில் அவள் வாங்கியது ஒன்றே ஒன்று. எட்டுப் பெட்டியிலும் புது ஷீட்.

“இவ கட்டோட தூக்கிட்டுப் போனத என் கண்ணால கண்டேன்” என்றான் ஷிபின்.

தோட்டம் டெய்சிபாய் டீச்சருடையது. தீர்ப்பும் அவருடையதுதான்.

“செய்து காட்டட்டு. வரலேன்னா பெட்டியள ஏத்திட்டுப் போங்க.”

வரவில்லை.

அவள் கிழிந்த மெழுகைச் சுரண்டினாள். துளி விடாமல். மறுபடி ஹீட்டரில் போட்டாள்.

மெழுகில் ஒரு வசதி. கிழிந்ததை உருக்கிவிடலாம்.

“இன்னொரு தடவையா?” என்றார் செல்வதாஸ்.

டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவே பதில்.

மெழுகு, அவளுடைய பழைய அடைகளை உருக்கி எடுத்தது. சிமெண்ட், பக்கத்து வீட்டு மதில் வேலையில் மிஞ்சியது. வாங்கிய ஒற்றை ஷீட்டை ஈர சிமெண்டில் பதித்து எடுத்த அச்சு அது. இரண்டு பலகை. புத்தகம் மாதிரி மூடும், திறக்கும்.

அச்சில் தப்பில்லை. மெழுகிலும் இல்லை.

பார்லரில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு, சீக்கிரம் இழுங்கக்கா என்று கத்தியிருக்கிறார்கள். ஒருத்திக்குக்கூட அவள் அவசரப்பட்டு இழுத்ததில்லை.

இன்றைக்கு இழுத்தாள். ஷிபின் வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்றதால்.

சோப்புத் தண்ணீரில் துணியை முக்கினாள். இரண்டு அச்சையும் துடைத்தாள். ஊற்றினாள். மூடினாள்.

ஏறி மேலே உட்கார்ந்துகொண்டாள்.

ஓரங்களில் மெழுகு பிதுங்கியது. ரப்பர் பாலின் புளித்த நாற்றத்தை மீறி, தேன் மணம்.

“என்ன பிள்ள, அடைகாக்குறியா? எப்பம் குஞ்சு பொரிக்கும்?” ஷிபின் மறுபடி சிரித்தான்.

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்தான், நேரமாவுது. நான் பெட்டிய ஏத்தட்டா?”

“ஆறட்டும்” என்றாள்.

அவள் சொன்ன ஒரே சொல் அது. ஷிபின் மறுபடி வாட்சைப் பார்த்தான்.

பிதுங்கிய மெழுகு வெளுத்தது. நகத்தால் தட்டினாள். எழுந்தாள்.

மேல் அச்சைத் தூக்கினாள். மெழுகு கீழேயே இருந்தது. ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். விரல்களுக்கு நடுவே பிடித்தாள்.

ஒரே இழுப்பு.

முழு ஷீட்.

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மஞ்சளாய், வரிசை வரிசையாய் அறுகோணங்கள்.

“கொள்ளாமே!” என்று மெச்சும் சொல் செல்வதாஸ் வாயிலிருந்து தானாக வந்தது.

“ஒண்ணு செய்தா ஆயிட்டா?” ஷிபின் குரல் ஏறியது. “பெட்டிக்குள்ள கெடக்கது நம்ம ஷீட்டுதான் அத்தான்!”

அவள் அவனைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிகளுக்குப் போனாள்.

முதல் பெட்டியில் ஒரு சட்டத்தை உருவினாள். தேனீக்கள் அவள் மணிக்கட்டில் ஏறி நடந்தன. அவள் கை அசையவில்லை. அடை பாதிக்கு மேல் எழும்பியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் மொட்டையாக ஓர் இடம். அங்கே தேனீ கட்டவில்லை.

அடுத்த பெட்டி. அதே மூலை. அதே மொட்டை.

மூன்றாவதிலும்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். புது ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதே மூலையில் அறுகோணம் பதியாத ஒரு புடைப்பு. ஷெட்டுக்குத் திரும்பி அச்சைக் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு பள்ளம்.

சிமெண்ட் இறுகிவிட்டதா என்று யாரோ தொட்டுப் பார்த்த பள்ளம்.

“விரல வச்சுக் காட்டு, ஜாஸ்பின்.”

அவள் பெருவிரலை வைத்தாள்.

பள்ளத்துக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

டீச்சர் நிமிர்ந்தார். செல்வதாஸைப் பார்த்தார்.

“ஒங்க கடை ஷீட்டுல இந்தப் புடைப்பு உண்டுமா?”

செல்வதாஸ் இல்லையென்று தலையாட்டினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“லேய் ஷிபினு, கண்ணால கண்டேன்னு சொன்னியே...”

திரும்பினார். பின்னால் யாரும் இல்லை.

வாசலில் டெம்போ ஸ்டார்ட் ஆனது. ஒரு பெட்டிகூட ஏற்றாமல் மண் பாதையில் குலுங்கிக்கொண்டு ஓடியது.

செல்வதாஸின் கை தன் இடுப்பைத் தடவியது. அங்கே சாவி இல்லை. அது ஷிபின் இடுப்பில் போய்க்கொண்டிருந்தது.

அவள் துணியைச் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். ஹீட்டரில் இன்னும் ஒரு ஷீட்டுக்கு மெழுகு இருந்தது.